வெள்ளைக் கெளுத்திக்குக் கண் கறுப்பு

போன சனிக்கிழமை கேலாங்குக்கு பஸ் ஏறினேன். மடியில் ஒரு பிஸ்கட் டின். டின்னில் தண்ணீர், தண்ணீரில் ஆறு கெளுத்திகள். பக்கத்தில் என் தங்கை புருஷன் சவரிமுத்து — பூசைக்குப் போகிற சட்டையில்!

கெளுத்தி என்றதும் குழம்பு ஞாபகம் வருகிறதா? இது வேறு. கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிற குட்டி ஜாதி. விரல் நீளம், மீசை வைத்திருக்கும், அடிமணலைக் கிளறிக்கொண்டே திரியும். வழக்கமாகப் பழுப்பு நிறம். அபூர்வமாக வெள்ளையும் உண்டு. பழுப்பை யாரும் சீண்ட மாட்டார்கள். வெள்ளை என்றால் ஏற்றுமதிக்காரர்கள் வீடு தேடி வருவார்கள்.

மாப்பிள்ளைக்கு ராணுவ முகாம் ஸ்டோரில் வேலை. வெள்ளைக்காரர்கள் முகாமை மூடிவிட்டு ஊருக்கு மூட்டை கட்டுகிறார்கள் அல்லவா... அவர் வேலையும் போயிற்று. ஜாலான் புசார் மாடி அறையில் பொழுதுபோக்காக வளர்த்த மீன்தான் இனிச் சோறு போடும் என்று முடிவு கட்டினார். குஞ்சுகள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியட்டும் என்று தங்கையின் வெள்ளை எனாமல் பேசின்களில் விட்டு வளர்த்தார்.

வளர்ந்தவையெல்லாம் வெளேர் என்று வளர்ந்தன!

மாதாகோயில் வாசலில் நின்று எல்லோரிடமும் சொன்னார். உட்லண்ட்ஸில் ஒரு வாட்ச்மேன் வேலை வந்தது. "வெள்ளை மீன் இருக்கையில நான் ஏன் கேட்டைக் காவல் காக்கணும்?" என்று தட்டிவிட்டார். அந்த இடத்தில் வேறு ஆள் சேர்ந்தாயிற்று.

"நீங்களும் மீன் வளர்க்கிறவங்க. கூட நின்னா ஒரு தெம்பு, மச்சான்" என்று என்னையும் இழுத்துப்போனார்.

கேலாங்கில் மீன் ஏற்றுமதி செய்கிற சீன முதலாளியை எல்லோரும் தவுக்கே என்றுதான் கூப்பிடுகிறார்கள். தவுக்கே டின்னுக்குள் குனிந்தார். அவசரமே இல்லை.

"மாத்தா ஹித்தாம் லா" என்றார் மலாயில். கண் கறுப்பாம்.

அசல் வெள்ளைக்குக் கண் சிவந்திருக்க வேண்டுமாம். நானும் எத்தனை முறை அந்தப் பேசினை எட்டிப் பார்த்து "அடடா" சொல்லியிருக்கிறேன்! உடம்பைத்தான் பார்த்தேன். நம்பிக்கை வந்துவிட்டால் அப்புறம் யார் கண்ணைப் பார்க்கிறார்கள்?

மாப்பிள்ளை விடவில்லை. "பொண்ணுக்கு மை போட்ட மாதிரி, தவுக்கே! இன்னும் அழகுதானே?" என்று தன் மலாயில் சொல்லிச் சிரித்தார். சிரித்தது அவர் மட்டும்தான்.

தவுக்கே வாதாடவே இல்லை. மூன்று மீன்களை எடுத்து ஒரு கறுத்த மண்தாழியில் விட்டார். எங்களுக்குக் காப்பி வரவழைத்தார். குடித்துவிட்டுப் பார்க்கலாம் என்றார்.

காப்பியை யார் குடித்தது? தாழியையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் முதுகில் லேசாகச் சாம்பல் படர்ந்தது. பிறகு விலாவில். டின்னில் இருந்த மீன்கள் இன்னும் வெள்ளை. தாழியில் இருந்தவை கொஞ்சம் கொஞ்சமாக...

"மச்சான், பயந்துடுச்சோ? பஸ்ல குலுங்குச்சில்ல?"

"இல்ல மாப்பிளே. அடி எந்த நிறமோ அந்த நிறத்துக்கு மாறிக்குது. நம்ம பேசின் வெள்ளை. அதான்."

சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் முகம் போன போக்கைப் பார்த்தபோது அப்படித்தான் தோன்றியது.

தவுக்கே மீன்களை மெதுவாக டின்னில் விட்டு, மூடியைத் துடைத்துக் கொடுத்தார். பழுப்பு தன்னிடமே நிறைய இருக்கிறதாம். கோபமாகத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. மரியாதையாக அனுப்பிவைத்தார்.

பிழைப்பதற்காக நிறம் மாற்றிக்கொள்கிற பிராணி. கெட்டிக்கார மீன்தான். ஐம்பதை நெருங்குகிற ஸ்டோர்கீப்பர் எந்த நிறத்துக்கு மாறுவார்?

திரும்பும் பஸ்ஸில் டின்னை அவரே வைத்துக்கொண்டார். ஜாலான் புசார் வந்தது. இறங்கி நடக்கும்போது கேட்டார்:

"மறுபடி வெள்ளைப் பேசின்ல விட்டா வெளுத்துடும்ல, மச்சான்?"

மாடி ஜன்னலில் தங்கை நின்றுகொண்டிருந்தாள்.

"வெளுக்கும்" என்றேன்.

உடனே அவருக்கு நடையில் ஒரு வேகம் வந்துவிட்டது. உண்மையைச் சொல்லியும் ஒருவரை ஏமாற்ற முடிகிறது, பாருங்கள்.