முத்திரை அக்காவின் புதன்கிழமை

பல்கலைக்கழகத்தின் சான்றிதழ்ப் பிரிவில் அவரை எல்லாரும் முத்திரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டச் சான்றிதழின் அடியில் அழுத்தும் கனத்த இரும்பு முத்திரை அவர் பொறுப்பில் இருந்தது. வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று நிர்வாகம் அறிவித்தபோது பிரிவே கைதட்டியது. அக்காவும் தட்டினார். முத்திரையை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

மற்றவர்கள் முறைவைத்து வந்தார்கள். அக்கா தினமும் வந்தார். வரிசையாகக் காலி நாற்காலிகள், ஒரு மூலையில் அவர். காலையிலேயே போன் அடிக்கத் தொடங்கிவிடும்.

"அக்கா, என் கம்ப்யூட்டர் அணைஞ்சு போச்சு போல. கொஞ்சம் போட்டுவிடுங்க."

"அக்கா, என் டிராயர்ல நீலக் கலர் ஃபைல் இருக்கும். முதல் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்களேன்."

யாரையோ தேடி வரும் மாணவர்களும் அவர் மேல்தான் எரிந்து விழுந்தார்கள். இருக்கிறவள் தலையில் மிளகாய் அரைக்கிற கதை.

வீட்டில் கணவர் மட்டும். பஸ் ஓட்டியவர். கண் மங்கத் தொடங்கியதும் வேலையை விட்டுவிட்டார். பகல் வெளிச்சத்தில் ஆள் முகம் தெரியும். பொழுது சாய்ந்தால் எல்லாம் நிழல். இருக்கிற பார்வையும் அதிக நாள் தங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா விடியுமுன் கிளம்பி, விளக்கு வைத்த பிறகு திரும்புவார்.

"ஞாயித்துக்கிழமை இருக்கேனே," என்றார் அக்கா ஒருநாள்.

"ஞாயித்துக்கிழமை நீ துணியோட இருக்க, பாத்திரத்தோட இருக்க. மிச்ச நேரம் தூங்குற," என்று சிரித்தார் கணவர். சிரித்துக்கொண்டே சொன்னதுதான் அக்காவைக் குடைந்தது.

வாரத்தில் ஒரே ஒரு நாள் வீட்டிலிருந்து வேலை செய்யக் கேட்டார். பிரிவுத் தலைவர் அன்று வீட்டிலிருந்து வீடியோவில் பேசினார்.

"நீங்களும் வீட்ல உட்கார்ந்துட்டா ஆபீஸ்ல யாரும்மா இருப்பா?" அவர் கேட்கும்போது பின்னால் குக்கர் விசிலடித்தது.

"வீட்டுக்காரருக்குக் கண்ணு சரியில்ல சார்."

"பார்க்கலாம்மா."

பார்க்கலாம் என்றால் பார்க்கமாட்டார்கள் என்பது அக்காவுக்குத் தெரியும்.

அந்த வாரமே, யாருக்கோ பழைய ஃபைல் ஒன்றைத் தேடி மாடிக்கு ஏறியவர் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். விழவில்லை, வலியும் இல்லை. கால் எழுந்திருக்க மாட்டேன் என்றது. மடியில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை. மூச்சு சீரானதும் மெல்ல இறங்கி வந்து, தன் நாற்காலியில் உட்கார்ந்து, சான்றிதழ்களுக்கு முத்திரை போட்டார்.

மறுநாளிலிருந்து கூப்பிட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "என்னால முடியல தம்பி. நீங்களே வந்து பாத்துக்கோங்க." குரலில் கோபம் இல்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள், முணுமுணுத்துக்கொண்டே. கைக்குழந்தைக்காரி ஒருத்தி நேராக அவர் மேசைக்கு வந்தாள்.

"குழந்தைய பக்கத்து வீட்ல விட்டுட்டு ஓடி வரேன். நீங்களே இப்படிப் பண்ணலாமாக்கா?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. "என் வீட்லயும் ஒருத்தர் தனியா இருக்கார்மா," என்றார்.

அவள் நின்றாள். அக்கா வீட்டைப் பற்றி அவள் ஒருநாளும் கேட்டதில்லை. எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முழுதும் கேட்டாள். அடுத்த கூட்டத்தில் அவளே வாயைத் திறந்தாள். "புதன்கிழமை எப்படியும் நான் வரணும் சார். அன்னிக்கு முத்திரைய நான் போட்டுடறேன்." தலைவர் கொஞ்சம் இழுத்துப் பார்த்தார். பிறகு, இந்தப் பருவம் முடியும்வரை என்று ஒப்புக்கொண்டார்.

முதல் புதன்கிழமை அக்கா ஜன்னலோரம் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கணவர் எதிரில் நாற்காலி போட்டுக்கொண்டார்.

"என்ன பாக்கறீங்க?"

"தலை இவ்வளவு நரைச்சிருக்கு. சொல்லவே இல்ல?"

"சொல்லிட்டுத்தான் நரைக்குமா?"

போன்கள் வந்தன. வீடியோக் கூட்டம் வந்தது. வேலை ஒன்றும் குறையவில்லை. பஸ் பயணம் மட்டும்தான் மிச்சப்பட்டது. இருவரும் மதியச் சோற்றைச் சூடாகச் சாப்பிட்டார்கள். சாப்பிட்டதும் அக்கா மேசையிலேயே தலை சாய்த்தார். போன் அடித்தது, கணவர் தடவி எடுத்தார்.

"அவ தூங்குறா. நாளைக்குக் கூப்பிடுங்க," என்று வைத்துவிட்டார்.

பேசியது பிரிவுத் தலைவர். மறுநாள் அவர் அக்காவைக் கூப்பிட்டு, "வேலை நேரத்துல தூங்குறதா உங்க வீட்டுக்காரரே சொல்றாரும்மா," என்றார்.

மன்னிப்புக் கேட்கலாமா என்று அக்கா ஒரு கணம் நினைத்தார். அதற்கும் அலுப்பாக இருந்தது.

"ஆமா சார், தூங்கிட்டேன்," என்றார். "இங்கேயும் எத்தனையோ நாள் தூக்கம் வந்திருக்கு. உட்காரத்தான் நேரம் இருந்ததில்ல."

தலைவர் புதன்கிழமையைப் பறிக்கவில்லை. அக்கா தன் இடத்துக்குப் போனார். அங்கே ஒரு மாணவி, வேறு யாரையோ தேடி வந்தவள், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"உட்காரும்மா," என்றார் அக்கா. "என்ன விஷயம், சொல்லு."