ஆர்டிஸ் உட்காருவதில்லை

மாணவர்களைச் சேர்க்கக் கல்லூரிகள் மேசை போடும் கண்காட்சி தொடங்கியதும் ஆர்டிஸ் லுண்டீன் தன் நாற்காலியை மடித்துச் சுவரோரம் சாய்த்துவிட்டு, மேசைக்கு முன்னால் நடைவழிக்கே வந்துவிடுவார். பள்ளிக்கூட விளையாட்டரங்கில் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மேசைக்கு வரிசை கதவைத் தாண்டி நிற்கும். எங்கள் மேசைக்கு வருகிறவர்கள் கழிப்பறை எங்கே என்று கேட்பார்கள். "நேராப் போய் இடது பக்கம். வர்றப்ப என்னைப் பாத்துட்டுப் போங்க!" என்பார். பாதிப் பேர் வந்துவிடுவார்கள்.

எங்களுடையது அறிவியல், இலக்கியம், தத்துவம் எல்லாம் சேர்த்துக் கற்றுத்தரும் சின்ன லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி. அவர் சேர்க்கைப் பிரிவு. நான் அதே கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவன், துணைக்குப் போவேன். மினசோட்டாவின் சோளக்காட்டு ஊர்களில் எங்களைப் பற்றி உலவும் பேச்செல்லாம் அவருக்கு மனப்பாடம். லிபரல் ஆர்ட்ஸ் என்றால் படம் வரையக் கற்றுத்தருவது. இல்லையென்றால் பிள்ளைகளுக்குக் கட்சி அரசியல் ஊட்டுவது. அதுவும் இல்லையென்றால் பணக்காரப் பிள்ளைகள் நான்கு வருடம் ஓய்வெடுக்கும் இடம். ஒவ்வொன்றுக்கும் ஆர்டிஸின் கண் விரியும். "அப்படியா? இன்னும் சொல்லுங்க!" திட்டுகிறவனுக்குத்தான் அக்கறை உண்டு என்பது அவர் கட்சி.

இந்த இலையுதிர்காலத்தில் எங்களுக்கு உள்ளூரக் கலக்கம்தான். சேர்க்கை இன்னும் குறைந்தால் தத்துவத் துறையை மூடிவிடுவார்கள் என்று பேச்சு. அப்போதுதான் பன்றிப் பண்ணைக்காரர் வெர்லின் ஸ்டெங்கல் எங்கள் மேசைக்கு வந்தார். எங்கள் கல்லூரியில் தத்துவம் படிக்க ஆசைப்பட்ட மகள் மார்னி பின்னால் தலைகுனிந்து நின்றாள்.

"தத்துவம் படிச்சுட்டு வந்து எம் பன்னிங்ககிட்ட என்னம்மா பேசப்போறா இவ?"

"பன்னிங்க பேசுமோ என்னமோ, நீங்க நல்லாப் பேசுறீங்க. வியாழக்கிழமை ஒரு வகுப்புல வந்து உக்காருங்க. பிடிக்கலேன்னா பெரிய பல்கலைக்கழகத்துல சேர நானே உங்க பொண்ணுக்கு உதவுறேன்!"

கைக்கு வந்த சேர்க்கையைத் தள்ளிவிடுகிறாரே என்று நான் ஆர்டிஸின் முழங்கையை இழுத்தேன்.

வியாழக்கிழமை வெர்லின் மார்னியோடு தத்துவ வகுப்புக்கு வந்தார். வட்ட மேசை, பன்னிரண்டு பிள்ளைகள். இறந்தவருக்குக் கொடுத்த வாக்கு நம்மைக் கட்டுமா என்பது அன்றைய கேள்வி. தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், சட்டென்று மேசையைத் தட்டினார்.

"கட்டும்! நெலத்த விக்கமாட்டேன்னு எங்கப்பாகிட்டச் சொன்னேன். விக்கமாட்டேன்!"

எதிரே இருந்த இமானி என்ற மாணவி நிமிர்ந்தாள். "அவருக்குத்தான் இனிமே தெரியாதே சார். அப்புறம் யாருக்குப் பயப்படுறீங்க?"

பக்கத்திலிருந்த மார்னி அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்தாள். வெர்லினின் கழுத்து சிவந்தது. "இரு, இரு, யோசிக்கிறேன்..." என்றார். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. என் பக்கத்தில் சுவரோரம் நின்ற ஆர்டிஸ் இரண்டு முஷ்டியாலும் தன் தொடையைச் சத்தமில்லாமல் குத்திக்கொண்டிருந்தார்.

வண்டி நிறுத்துமிடத்தில் வெர்லின் ஒன்றும் பிடிகொடுக்கவில்லை. "சோறு போடாத படிப்பு," என்று முனகிக்கொண்டே பிக்கப் வண்டியைக் கிளப்பினார். மார்னி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வண்டி கல்லூரி வாசல்வரை போய் நின்றது. அப்படியே பின்னோக்கி உறுமிக்கொண்டு வந்தது.

"அந்தப் பொண்ணு இன்னும் உள்ளதானே இருக்கா?" வெர்லின் குதித்து இறங்கினார். "பயம் இல்லம்மா அது! நான் யாருங்கிறதே அந்த வாக்குலதான் இருக்கு! நான் போய்ச் சொல்லணும். ஏம்மா, எம் பொண்ணுக்கு உங்க விண்ணப்பத்தையும் எடுத்து வையி!"

"அப்பா, அதுவும் தப்பு! நில்லுங்க, நான் சொல்றேன்!" மார்னி கதவைக்கூடச் சாத்தாமல் பின்னால் ஓடினாள்.

ஆர்டிஸ் குதிகால் உயர்ந்த செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார். உறைபனிப் புல்லில் அவர்கள் இருவரையும் முந்தி ஓடி, கட்டடத்தின் கனத்த கதவை இழுத்துத் திறந்து, முதுகால் தாங்கிக்கொண்டு நின்றார்.