இருபத்து மூன்றாம் வீட்டில் பென்சில் வட்டங்கள்

யார் எங்கே வரவில்லை என்று எழுதிவைப்பதுதான் என் வேலை. விசிட்டிங் கார்டில் இதையே கொஞ்சம் கௌரவமாகப் போட்டிருக்கிறார்கள்.

நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் சாலையில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் உள்ளே போனால் எங்கள் லே-அவுட். ஒரே அச்சில் வார்த்தது போல இருபத்து நான்கு வீடுகள். கொத்து, ஒயரிங், பிளம்பிங், டைல்ஸ், பெயிண்ட் என்று ஐந்து காண்ட்ராக்டர்கள். மாதிரி வீட்டின் ஹாலில் ஒரு பெரிய அட்டை ஒட்டி, வீட்டுக்கு ஒரு வரிசை, வேலைக்கு ஒரு பத்தி என்று கட்டம் போட்டிருந்தேன். முடிந்தால் பச்சை, நடந்துகொண்டிருந்தால் மஞ்சள், ஆள் வராவிட்டால் சிவப்பு. முதல் ஆறு மாதம் அட்டை முழுக்கச் சிவப்புதான்; அதைத் தூரத்திலிருந்து பார்த்தவர்கள் ஏதோ கட்சி அலுவலகம் என்று நினைத்திருப்பார்கள்.

விளம்பரத்தில் 'தூய காற்று' என்றும் போட்டிருந்தோம். பொய் இல்லை. மேற்கிலிருந்து வீசாதவரை தூய காற்றுதான். மேற்கே கோழிப்பண்ணைகள்.

அந்த மாதிரி வீட்டிலேயேதான் நான் தங்கியிருந்தேன். மகளின் பிரசவத்துக்குச் சென்னை போன மனைவி, பேரன் தவழ்ந்ததும் வருகிறேன் என்றாள். தவழ்ந்தான். நடந்ததும் வருகிறேன் என்றாள். இப்படித் தேதி தள்ளுகிறவர்களைத் தொழில்முறையில் எனக்கு நன்றாகத் தெரியும். இவளுக்கு எந்த நிறம் அடிப்பது என்றுதான் தெரியவில்லை.

காலை எட்டு மணிக்கு போனை எடுத்தால் பத்து வரை பேச்சுதான்.

"மேஸ்திரி, எங்க இருக்கீங்க?"

"வந்துட்டே இருக்கேனுங்க சார். வையப்பமலை தாண்டிட்டேன்."

மலையைத் தாண்டிய பிறகும் அவர் பக்கத்தில் குக்கர் மூன்று விசில் அடிக்கும். நான் கேட்காததுபோல் இருந்துவிடுவேன். காலங்காத்தாலே எனக்காக ஒருவர் இவ்வளவு சிரமப்பட்டுப் பொய் சொல்வது ஒருவகையில் ஆறுதலாகவும் இருந்தது.

பிறகு வீடுகள் முடியத் தொடங்கின. என் வேலை ஒழுங்காக நடந்தால் கடைசியில் நான் பேச ஆளே இருக்காது என்பது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். கொத்தர்கள் போனார்கள், ஒயரிங்காரரும் பிளம்பரும் போனார்கள், டைல்ஸ்காரர் தன் மெஷினை ஏற்றிக்கொண்டு வாழப்பாடிப் பக்கம் போனார். அட்டையில் ஒரே ஒரு கட்டம் மஞ்சளாக நின்றது. இருபத்து மூன்றாம் வீடு, பெயிண்ட். வாங்கிய பார்ட்டி இரண்டு தடவை நிறத்தை மாற்றியதால் வந்த தாமதம்.

பெயிண்ட் காண்ட்ராக்டர் பள்ளிபாளையத்துக்காரர். நாற்பதைத் தாண்டியவர். தன் ஆட்களை வேறு சைட்டுக்கு அனுப்பிவிட்டு இந்த ஒரு வீட்டுக்குத் தானே மொபெட்டில் வந்துகொண்டிருந்தார். பதினோரு மணிக்கு காலி பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார். நான் பிளாஸ்க்கைத் திறப்பேன்.

"என்னங்க சார், இன்னும் அதே பொஸ்தகமா? படிக்கறீங்களா, மேல பட்டி பாக்கறீங்களா?"

அது செங்கல் கனத்தில் ஒரு ருஷ்ய நாவல். டீக்கு ஓர் அத்தியாயம் என்று அவருக்குக் கதை சொல்லத் தொடங்கியிருந்தேன்.

"அந்தக் கெழவன் செத்தானுங்களா?"

"இன்னும் இல்லீங்க."

"இழுத்தடிக்கறானுங்களே சார். நம்ம ஒயரிங்காரரு மாதிரி."

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அவர் ரோலரைக் கழுவி வைத்துவிட்டு, "முடிஞ்சுதுங்க சார். பாத்துட்டுப் பச்சை அடிச்சுருங்க" என்றார்.

சுவரைச் சரிபார்க்க ஒரு முறை உண்டு. பகல் வெளிச்சத்தில் இரண்டடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். குறை தெரிந்தால் பென்சிலால் வட்டம் போட வேண்டும். பெயிண்டர் உப்புத்தாள் தேய்த்து, பட்டி வைத்து, டச்சப் செய்வார். அன்று நான் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தேன். அப்படிப் பிடித்தால் எந்தச் சுவரும் கொல்லிமலை ரோடு மாதிரி மேடும் பள்ளமுமாகத்தான் தெரியும். பதினொரு வட்டம் போட்டேன்.

புதன்கிழமை அவர் வந்து பதினொன்றையும் சரி செய்தார். ஒன்பது புதிய வட்டம் போட்டேன். வியாழக்கிழமை ஏழு. நாளுக்கு நாள் குறைய வேண்டும் என்ற அளவுக்கு என்னிடம் நேர்மை இருந்தது. மாலையில் முதலாளிக்கு 'தொண்ணூற்றெட்டு சதவீதம்' என்று அனுப்பினேன். 'தரத்தில் சமரசம் வேண்டாம்' என்று பதில் வந்தது, கட்டைவிரலோடு. நானும் அதைத் தரம் என்றே நம்பிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அவர் டீக்கு உட்காரவில்லை. பரணுக்குள் தலையை விட்டு, முந்தின நாள் நான் போட்ட வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இதை ஆருங்க பாப்பாங்க? பல்லியா?"

"பார்ட்டி பாப்பாங்க."

உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தார். பிறகு திரும்பாமலே சொன்னார்: "ஞாயித்துக்கெழம எம் புள்ளையப் பொண்ணு பாக்க வாராங்க. ஊருக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கறேன், எங்கூட்டுச் செவுரு இன்னும் வெறும் பூச்சுங்க. அதுக்குன்னே புதன்ல இருந்து நாலு நாள் ஒதுக்கி வெச்சிருந்தேன்."

"மொதல்லயே சொல்லியிருக்கலாமேங்க."

"சொன்னா, வேலையப் பாதீல உட்டுட்டு ஓடறான்னு செவப்பு அடிப்பீங்க. அடுத்த சைட்டுக்கு மொதலாளி என்னையக் கூப்புடுவாருங்களா?"

அந்தச் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவுக்கு யாரும் பயப்படுவார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. அதன் மூடி தொலைந்து, பாதி நாள் எழுதவே எழுதாது.

"கிளம்புங்க. முடிஞ்சுதுன்னு போட்டுக்கறேன்" என்றேன்.

"இன்னும் நாலு வட்டம் இருக்குதுங்களே."

"அதை நானே அழிச்சுக்கறேன்."

ஏணியிலிருந்து இறங்கி என்னைப் பார்த்தார். "அழிச்சாப் போயிருமுங்களா? அப்பறம் எதுக்குங்க போட்டீங்க?"

டீ குடித்துவிட்டுப் போகலாமே என்றேன். அந்த நேரத்திலும் டீ. "நேரமில்லீங்க சார்" என்று மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான்கு வட்டங்களையும் ரப்பரால் அழித்தேன். நான்கு இடத்திலும் சாம்பல் நிறத்தில் கறை பிடித்தது. அந்த வீட்டுச் சுவரில் உண்மையாகவே குறை என்று சொல்ல அந்த நான்குதான் இருந்தன. மிச்சம் கிடந்த பெயிண்டைத் தொட்டு நானே மறைத்தேன். அட்டையில் பச்சை அடித்தேன். முதலாளிக்கு 'நூறு' என்று அனுப்பினேன். கட்டைவிரல் வந்தது.

சனிக்கிழமை எட்டு மணிக்கு வழக்கம்போல போன் கைக்கு வந்தது. கூப்பிட ஆள் இல்லை. இருபத்து நான்கு வீட்டுக்கும் நடந்துபோய், பூட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். பூட்டியதும் நான்தான். பள்ளிபாளையம் போய் அவருக்குக் கூடமாட உதவலாமா என்று ஒரு யோசனை வந்தது. வாசலில் என்னைப் பார்த்தால் முதலில் கையில் டார்ச் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார் என்று தோன்றியது. போகவில்லை.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கூப்பிட்டேன். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார்.

"சொல்லுங்க சார். எந்தச் செவுத்துலீங்க வட்டம்?"

"அதில்லீங்க. வந்தாங்களான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"வந்தாங்க சார். ஒன்னரை நாள்ல ஹாலு மட்டுந்தான் ஆச்சு. காத்தால அடிச்ச ரெண்டாவது கோட்டு காயலீங்க. மாப்பளையோட சித்தப்பா செவுத்துல சாஞ்சுட்டாரு. சட்டை முதுகு பூராம் ஐவரி பெயிண்டு."

"கோவிச்சுக்கிட்டாரா?"

"சிரிச்சாருங்க. கூட வந்தவங்க சிரிக்கலை. போயிச் சொல்லி அனுப்பறோம்னாங்க."

இதற்குமேல் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அந்த வட்டமெல்லாம் தேவையே இல்லாததுங்க. இங்க தனியா கிடந்தேன். நீங்க வந்தா ரெண்டு வார்த்தை பேசலாமேன்னு போட்டேன்."

"தெரியுமுங்க சார்."

"தெரியுமா?"

"ரெண்டாவது நாளே தெரியுமுங்க. சன்னலைச் சாத்திட்டு ஆராச்சும் செவுரு பாப்பாங்களா?"

"அப்பறம் ஏன் வந்தீங்க?"

"பச்சை உங்க கையிலதானுங்களே இருக்குது."

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. இன்றைக்கு வெயில் அதிகம் என்று சொல்கிற குரல்.

"வேற ஏதாச்சுங்களா சார்?"

"இல்லீங்க."

"வெச்சுரட்டுங்களா?"

கேட்டுவிட்டு, நான் சொல்வதற்காகக் காத்திருந்தார். வைங்க என்றேன்.