பதினான்கு மில்லிமீட்டர்

நம்பாதவர்கள் தமீம் அன்சாரியின் வலது ஷூவைப் பார்க்கலாம். தோசை மாதிரி தட்டையாக இன்னும் ஹாஸ்டலில் இருக்கிறது. நான்கு வருடம் அதே ஹாஸ்டல் சாம்பாரைச் சாப்பிட்டவன் நான். எனக்குச் சுலபத்தில் பயம் வராது.

கொடைக்கானலில் எங்கள் கல்லூரி ஒர்க்‌ஷாப்பில், ஓய்வு பெற்ற போர் விமானம் ஒன்றின் இடது இறக்கை இருந்தது. ஏதோ ராணுவ டிப்போ அனுப்பியது. கம்பியை மாற்றி மாற்றி வளைத்தால் ஒடியும் அல்லவா? அதே மாதிரி ஒரு மெஷின் அந்த இறக்கையை நாள் முழுக்க மேலும் கீழும் வளைக்கும். அடியில் ஒரு விரிசல். தினமும் அதன் நுனியில் பென்சிலால் கோடு போட்டு நீளம், நேரம், இனிஷியல் எழுத வேண்டும். இருபத்தைந்து மில்லிமீட்டரைத் தாண்டினால் யாரும் அடியில் போகக் கூடாது. அளப்பது என் சோலி.

ஏழு நாள் நான் அளக்கவேயில்லை. குளிர். மனசுக்குத் தோன்றிய எண்ணைத் தாளில் எழுதினேன். 14. ஏழு நாளும் 14.

எட்டாம் நாள், வியாழன், பிற்பகல் 3.40. ஜன்னல் வரை மேகம். கரண்ட் போனது. மெஷின் நின்றது. என் ப்ராஜெக்ட் கூட்டாளி அன்சாரி, பல சென்சார்களில் கழன்ற ஒன்றின் வயரை மாட்ட இறக்கைக்கு அடியில் படுத்திருந்தான்.

லேப்டாப் மட்டும் பேட்டரியில் ஓடியது. இறக்கை மீதுள்ள பாரத்தைக் காட்டும் கோடு ஏறியது... இறங்கியது... ஏறியது...

"ஏலே, இறக்கைய ஆட்டாதடா" என்றேன்.

"கையால ஆட்ட இது என்ன தொட்டிலா? பேசாம டார்ச்சக் காட்டு."

3.43. டக்... டக்... உலோகத்தில் யாரோ நாணயத்தால் தட்டும் சத்தம்.

"தட்டாதங்கேன்ல?"

"நான் எங்கடா தட்டுனேன்? ரெண்டு கையும் வயர்லல்ல கெடக்கு."

குனிந்து டார்ச் அடித்தேன். விரிசல் நுனியில் புதுப் பென்சில் கோடு. சாய்ந்த கையெழுத்து.

31. 3.46. ப.மு.

என் பென்சில் என் பையில் இருந்தது.

மணி பார்த்தேன். 3.45.

டக்.

"வெளிய வாடா, வெரசா!"

"இருடா, ஒரு ஸ்க்ரூதான்..."

காலரைப் பிடித்து இழுத்தேன்.

மடார்.

இறக்கை தரையில். அன்சாரி வெளியே. ஒரு ஷூ அடியில்.

கால்விரல்களை இரண்டு தடவை எண்ணிவிட்டு அவன் கேட்டான். "நேத்து எத்தன எம்எம்னு எழுதுன?"



பத்து நாள் கழித்து டிப்போவிலிருந்து ஒரு பழைய நோட்டு வந்தது. இதே விமானத்தின் வலது இறக்கையை அங்கே இப்படித்தான் வளைத்துப் பார்த்திருக்கிறார்கள். அளந்தவர் பழனிமுத்து. சாய்ந்த கையெழுத்து. கடைசி ஏழு நாளும் ஒரே எண்.

14.

எட்டாம் நாள் வரியை வேறு யாரோ எழுதியிருந்தார்கள்.

முறிந்தது. அடியில் பழனிமுத்து. பிற்பகல் 3.46.