ஏலத்தோட்ட ஜீப்பில் ஏறிய புத்தகங்கள்

சாவி வாங்கிய நாள்

கம்பத்தில் இருக்கும் இந்த நூல்நிலையம் அரசாங்கத்துடையது அல்ல. சுதந்திரத்துக்கு முன்பே இங்குள்ள விவசாயிகளும் வியாபாரிகளும் சேர்ந்து தங்களுக்காகக் கட்டிக்கொண்டது. நான் லைப்ரரியனாகச் சேர்ந்த அன்று செக்ரட்டரி அழகர்சாமி சார் சாவியைக் கொடுத்துவிட்டு முதலில் சொன்னது இதுதான்: "மெம்பர் இல்லாத ஆளுகள உள்ள விட்றாதம்மா. அது நம்ம பைலாவுல இருக்கிற விதி."

அவர் கெட்டவர் இல்லை. மழை பெய்து ஓடு ஒழுகினால், அலமாரிகளை மூடத் தன் வீட்டுத் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார். ஆனால் மெம்பர்கள் குறைந்துகொண்டே போனார்கள். காலையில் சிலர் பேப்பர் படித்துவிட்டுப் போவார்கள். பல நாள் ஒரு புத்தகம்கூட இஷ்யூ ஆகாது. முன் ஹாலைக் கடைக்கு விட்டுவிட்டு, புத்தகங்களைப் பின் அறையில் அடுக்கிவிடலாம் என்று கமிட்டியில் பேச்சு எழுந்தது. இடம் போதாது என்பதால் முதலில் கழிக்க வேண்டியவை மலையாளப் புத்தகங்கள் என்றும் முடிவாகியிருந்தது. கேரளாவோடு வியாபாரம் செய்த பழைய மெம்பர் ஒருவர் கொடுத்த அலமாரி அது. நான் வந்தபின் அதை யாரும் திறந்ததில்லை.

மழைக்கு ஒதுங்கியவர்கள்

எங்கள் கேட்டுக்கு எதிரில்தான் ஏலத்தோட்ட ஜீப்புகள் நிற்கும். மலைக்கு மேலே ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள் விடிந்ததும் அங்கே கூடிவிடுவார்கள். ஒரு நாள் நல்ல மழை. நான் கதவைத் திறந்து அவர்களை ஹாலுக்குள் கூப்பிட்டேன். பேப்பர் படிக்க வந்த மெம்பர் ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிப் போனார்.

வந்தவர்களில் பேச்சியம்மாள் என்ற பெண் மலையாள அலமாரி முன் நின்று, கண்ணாடி வழியாக ஒவ்வொரு பெயராக வாய்க்குள் படித்தாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவளுடைய அப்பா அம்மா கேரள மலைக்குத் தோட்ட வேலைக்குப் போய் அங்கேயே தங்கியவர்கள். அவள் படித்ததெல்லாம் மலையாளப் பள்ளிக்கூடத்தில். கம்பத்துக்கு வாக்கப்பட்டு வந்த பிறகு ஒரு புத்தகத்தையும் தொடவில்லையாம். தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன் என்றாள்.

"இதுல ஒண்ணு எடுத்துட்டுப் போகலாமாக்கா?"

மெம்பர்களுக்கு மட்டும்தான் என்றேன். அவள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. "அப்ப மெம்பராகுறதுக்கு என்ன செய்யணும்?" என்று கேட்டாள். நான் வேலைக்கு வந்தபின் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவள்.

இரண்டு கையெழுத்து

இரண்டு மெம்பர்கள் சிபாரிசு செய்ய வேண்டும். திராட்சைத் தோட்டக்காரர் காசிமாயன் உடனே சம்மதித்தார். அந்தப் பெண் தன் தோட்டத்தில் கொடி வெட்டும் கவாத்து வேலைக்கு வந்திருக்கிறாள், பொறுப்பானவள் என்றார். இரண்டாவது ஆள் கிடைக்கவில்லை. செக்ரட்டரி சார், மலைக்குப் போன புத்தகம் திரும்பி வராது என்பதிலேயே நின்றார். கோபத்தைவிடப் பயம்தான் அதில் அதிகம்.

எங்களுக்கு இருந்த ஒரே பெண் மெம்பர் ராயப்பன்பட்டி தெரசம்மாள் டீச்சர். ரிட்டயர் ஆனபின் நூல்நிலையத்துப் பக்கமே வரவில்லை. பஸ் ஏறிப் போய் விஷயத்தைச் சொன்னேன். வீட்டிலேயே கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். அவர் மறுத்துவிட்டார். கமிட்டி கூடுகிற அன்று தானே வருவதாகச் சொன்னார்.

வந்தார். எல்லாரும் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, செக்ரட்டரி சாரைப் பார்த்துச் சொன்னார்:

"நான் சேந்தப்ப பொம்பளைக்குத் தனியா நாற்காலி இல்லைன்னு சொன்னாக. ஒரு வருசம் நின்னுக்கிட்டே படிச்சேன், தம்பி. இந்தப் பிள்ளையாவது உக்காந்து படிக்கட்டும்."

அவர் கையெழுத்துப் போட்டார். செக்ரட்டரி சார் தலையைக் குனிந்தபடியே சீல் வைத்தார்.

ரிட்டர்ன்

முதல் புத்தகத்தின் ட்யூ டேட் அன்று செக்ரட்டரி சார் எனக்கு முன்பே வந்து கேட் பக்கம் நின்றிருந்தார். பேச்சியம்மாள் தான் எடுத்துப்போன மலையாள நாவலைப் பேப்பர் அட்டை போட்டுக் கொண்டுவந்தாள். அவர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். ஏலக்காய் வாசனை அடித்தது. வேறு சேதம் இல்லை. கூட வந்த பெண்கள் அடுத்த புத்தகத்தைச் சீக்கிரம் கொடுக்கச் சொன்னார்கள். போகவர ஜீப்பில் அவள் படித்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவாளாம்.

செக்ரட்டரி சார் மெதுவாகக் கேட்டார்: "அப்படி என்னம்மா கதை அது?"

அவள் சொல்ல ஆரம்பித்தாள். டிரைவர் ஹாரன் அடிக்கும்வரை அவர் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

ஹாலைக் கடைக்கு விடும் பேச்சும் மலையாளப் புத்தகங்களைக் கழிக்கும் பேச்சும் அடுத்த கூட்டத்தில் வரவில்லை. ஜீப் பெண்கள் ஒவ்வொருவராக மெம்பர் ஆனார்கள். தமிழ்ப் புத்தகம் கேட்டவர்களுக்காக, மழைத் தண்ணீர் புகாத தகரப்பெட்டி ஒன்றில் புத்தகங்களைப் போட்டு ஜீப்பில் வைக்கலாம் என்று சொன்னவர் செக்ரட்டரி சார்தான். சில புத்தகம் கறையோடு வரும். சிலது வராமலும் போயிருக்கிறது. அவர் முணுமுணுத்துவிட்டு வேறு வாங்கித் தருவார். ஓடு இன்னும் ஒழுகத்தான் செய்கிறது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்லாக் போடுவதை யாரிடமும் கற்றுக்கொள்ளலாம். புத்தகம் கேட்டு ஒருவர் வந்தால், கொடுக்க முடியாது என்று சொல்வதற்கு முன், கொடுக்க என்ன வழி என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள். நான் கற்றது அவ்வளவுதான்.