இருபத்தேழு யோசனைகளும் ஒரு திரையும்

பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், லைனின் கடைசியில் நிற்கிறவன் நான். கைக்கு வரும் ஒவ்வொரு பாகத்தையும் விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர். கீறலோ குழியோ இருந்தால் சிவப்புப் பெட்டி. சிவப்புப் பெட்டிக்குப் போகிற சரக்குக்கு எங்கள் பக்கத்தில் 'என்ஜி' என்று பெயர். தேறாது என்று அர்த்தம். இந்தச் சொல்லை எந்த நாட்டுக்காரன் கொண்டுவந்தானோ தெரியாது, இப்போது நாங்கள் குடியிருக்கும் படப்பை மார்க்கெட்டில் தக்காளி வாங்கும்போதுகூட "இது என்ஜிண்ணா, வேற போடு" என்றுதான் வாயில் வருகிறது.

என் மனைவி இன்னொரு கம்பெனியில் கார் சீட்டுக்கு உறை தைக்கிறாள். இரண்டு பேருக்கும் ஷிப்ட் வேலை. நான் காலை ஷிப்டுக்குப் போகிற வாரம் அவளுக்கு மதிய ஷிப்ட் விழும். நான் வீட்டுக்கு வரும்போது அவள் போயிருப்பாள், அவள் வரும்போது நான் குறட்டை விட்டுக்கொண்டிருப்பேன். கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது. பல வாரங்களில் நாங்கள் இருவரும் தினமும் தவறாமல் பார்த்துக்கொண்டது எங்கள் ஃபிரிட்ஜைத்தான். ஒருவரை ஒருவர் அல்ல.

அதனால்தான் எனக்கு சைடு பிசினஸ் பைத்தியம் பிடித்தது. சொந்தமாக ஏதாவது ஒன்று ஆரம்பித்து, அது காலூன்றி, இருவரில் ஒருவராவது இந்த ஷிப்டை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பொழுது விடிய வேண்டும். எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

யோசனைகளுக்குப் பஞ்சமே இல்லை. லைனில் நிற்கும்போது அருவி மாதிரி கொட்டும். ஆனால் செல்போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஷிப்ட் முடிந்து போனைக் கையில் எடுத்தால் குடும்ப குரூப்பில் நூறு குட்மார்னிங் காத்திருக்கும். அதைத் தள்ளித் தள்ளி முடிப்பதற்குள் யோசனை பறந்துவிடும். யாரோ சொன்னார்கள் என்று ஒரு ஆப் போட்டேன். 'உங்கள் கனவை இன்று திறக்கவில்லை' என்று அது தினமும் என்னைத் திட்ட ஆரம்பித்தது. சூப்பர்வைசரிடம் வாங்குவது போதாதா? அழித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் கடையில் இருநூறு பக்க கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன்.

கம்பெனியில் எதற்கெடுத்தாலும் ஒரு படிவம் உண்டு. அந்தப் பழக்கத்தில் நோட்டிலும் கட்டம் போட்டேன். ஒரு பக்கத்துக்கு ஒரு யோசனை. யோசனை என்ன, யாருக்கு, என்னென்ன வேண்டும், என்ன சிக்கல். கடைசியில் ஒரு கட்டம் முடிவுக்கு. இரண்டே நாளில் அந்த முடிவுக் கட்டத்தை என் மனைவி தன் கைக்கு எடுத்துக்கொண்டாள்.

என் முதல் யோசனை, ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி வாசலில் டீ வண்டி. "காலைல மூணு மணிக்கு யாரு எழுந்துப்பா? நீயா? அலாரம் அடிச்சா போனத்தான தலகாணிக்கு அடில போடற. என்ஜி" என்று எழுதியிருந்தாள். பாத்ரூமில் காளான் வளர்ப்பு என்றேன். "அப்ப நாம எங்க குளிக்கறது? என்ஜி." கல்யாண வீடுகளுக்கு டிரோன் வாடகை. "போன வாரம் பட்டம் வுட்டு கரண்ட் கம்பில மாட்ன ஆளு தானே நீ. என்ஜி." கம்பெனி பஸ்ஸுக்குள்ளேயே இளநீர் விற்கலாம் என்ற யோசனைக்கு அவள் காரணம்கூட எழுதவில்லை. பஸ் மேட்டில் ஏறி இறங்குவது போலவும், ஒருவன் தலையில் இளநீர் கொட்டுவது போலவும் ஒரு படம் வரைந்து வைத்திருந்தாள். தலையில் கொட்டப்பட்டவனுக்கு என்னைப் போலவே மீசை.

படித்துப் படித்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பேன். கொஞ்ச நாளில் ஓரத்தில் மற்ற விஷயங்களும் வர ஆரம்பித்தன. "கொழம்பு கீது, சூடு பண்ணிக்கோ." "மோட்டார் போட மறந்துடாத." "இன்னிக்கு லைன்ல ஊசி கையில ஏறிடுச்சி. பெருசா ஒண்ணும் இல்ல." போனில் 'ம்' என்று ஒற்றை எழுத்து அனுப்புகிறவள், நோட்டில் பக்கம் பக்கமாகப் பேசினாள். என் யோசனைகள் இருபத்தாறும் என்ஜி ஆனதில் எனக்கு வருத்தமே இல்லை. உண்மையைச் சொன்னால், அவள் என்ன எழுதுவாள் என்று பார்ப்பதற்காகவே சில யோசனைகளை வேண்டுமென்றே அசட்டுத்தனமாக எழுதினேன்.

இருபத்தேழாவது பக்கம் அவள் கையெழுத்தில் இருந்தது.

அந்த வாரம் எனக்குக் காலை ஷிப்ட், அவளுக்கு மதியம். செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தால், எல்லாக் கட்டங்களும் நெருக்கி நெருக்கி எழுதி நிரம்பியிருந்தன. தலைப்பில் 'பகல்ல தூங்கறவங்களுக்கு இருட்டு திரை' என்று இருந்தது. எனக்கு ஒரே குஷி. இருபத்தாறு தடவை என்னைக் கவிழ்த்தவள் தானாகவே வந்து மாட்டியிருக்கிறாள். சட்டைப் பையில் இருந்த சிவப்புப் பேனாவை எடுத்தேன். தலைப்புக்குக் கீழே ஒரு வரிகூடப் படிக்கவில்லை. "இந்த வெயிலில் ஜன்னலை மூடினால் காற்று வராது. ஆள் வெந்துவிடுவான். என்ஜி" என்று கட்டத்தைத் தாண்டிப் பெரிதாக எழுதி, பக்கத்தில் வெந்துபோன ஆள் ஒருவனையும் வரைந்து வைத்தேன். அன்று மத்தியானம் சிரித்துக்கொண்டே தூங்கினேன்.

மறுநாள் நோட்டில் ஒன்றும் இல்லை.

அதற்கு மறுநாளும் இல்லை. ஃபிரிட்ஜுக்குள் குழம்பு இருந்தது. ஆனால் குழம்பு இருப்பதாக எழுதியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை 'கோபமா?' என்று எழுதினேன். சனிக்கிழமை வந்து பார்த்தபோது அந்தக் கேள்வி தனியாக நின்றுகொண்டிருந்தது. அதற்குக் கீழே 'சாரி' என்று எழுதினேன். போனில் மெசேஜ் அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று நீலக் கோடு மட்டும் வந்தது. பிறகு ஒரே ஒரு பதில்: "வாலாஜாபாத் போறேன்." அங்கே அவள் அம்மா வீடு. சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து அந்தப் பக்கம் போகும் கம்பெனி பஸ்ஸிலேயே ஏறிவிட்டாள். ஞாயிறு லீவு. அடுத்த வாரம் அவளுக்குக் காலை ஷிப்ட், திங்கள் அங்கிருந்தே வேலைக்குப் போகலாம். அதன் பிறகு படப்பைக்கு வருவாளா, திரும்பவும் அம்மா வீட்டுக்கே போவாளா, ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டில் சத்தமே இல்லாமல் போனது எனக்குப் பழக்கம்தான். எங்கள் வீடு எப்போதும் சத்தமில்லாத வீடு. ஆனால் நோட்டும் பேசாமல் போனதை என்னால் தாங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். சிவப்பில் நான் போட்டிருந்த பெரிய எழுத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அந்த ஞாயிறு முதல் எனக்கு ராத்திரி ஷிப்ட். திங்கள் காலை ஏழு மணிக்கு பஸ் இறக்கிவிட்டது. பூட்டைத் திறந்து உள்ளே போய், பல்கூடத் தேய்க்காமல் நோட்டை எடுத்து உட்கார்ந்து, ஒரு பாகத்தைப் பார்ப்பது போல அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ் வரை பார்த்தேன். முதல் தடவையாகப் படித்தேன்.

ஜன்னலின் படத்தை அளவோடு போட்டிருந்தாள். மூன்று அடுக்குத் துணி, எந்த அடுக்குக்கு எந்தத் துணி, எங்கே தையல். சிக்கல் என்ற கட்டத்தில், 'வெந்து போவாங்க' என்று அவளே எழுதி, பக்கத்திலேயே அதற்கு வழியும் சொல்லியிருந்தாள். 'மேல ரெண்டு வெரல் சந்து வுடணும். அதுக்கு முன்னால ஒரு மடிப்பு. காத்து வரும், வெளிச்சம் வராது.' நான் சொன்ன குறைக்கு நான் சொல்வதற்கு முன்பே பதில் இருந்தது. யாருக்கு என்ற கட்டத்தில், ராத்திரி ஷிப்டுக்காரர்கள், பேச்சிலர் ரூம்கள், நர்சுகள் என்று வரிசையாக எழுதியிருந்தாள். அந்த வரிசைக்கு மேலே இருந்தது இது: 'மொத ஆளு எங்க வூட்டுக்காரரு. நைட் போய்ட்டு வந்து துண்ட மூஞ்சில போட்டுக்கினு பொரண்டுக்கினே கீறாரு. பாக்க முடில.'

எங்கள் ஜன்னல் கிழக்கு பார்த்தது. ராத்திரி ஷிப்ட் வாரங்களில் எட்டு மணிக்கெல்லாம் வெயில் நேராகக் கட்டிலில் வந்து படுத்துக்கொள்ளும். நான் மிச்ச இடத்தில் படுத்துக்கொள்வேன். பத்தரை, பதினொன்றுக்கெல்லாம் கண் சிவக்க எழுந்து உட்கார்ந்துவிடுவேன். இது எல்லாருக்கும் இருப்பதுதானே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மதிய ஷிப்ட் விழுந்து காலையில் வீட்டில் இருக்கும் நாட்களில் அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

எங்கள் வேலையில் பெரிய குற்றம் ஒன்று உண்டு. தவறான சரக்கை விட்டுவிடுவதைக்கூட மன்னிப்பார்கள். பார்க்காமலே ஸ்டிக்கர் ஒட்டுகிறவனை மட்டும் மன்னிக்கவே மாட்டார்கள். எட்டு வருடத்தில் நான் அதை ஒரு தடவைகூடச் செய்ததில்லை. வீட்டில் செய்துவிட்டேன். அவமானமாக இருந்தது. நோட்டில் 'சாரி' என்று இன்னும் இரண்டு தடவை எழுதி அடிக்கோடு போட்டேன். எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

பிறகு தோன்றியது, என்ஜி போட்டதைத் திரும்பச் சோதித்துப் பார்க்க வேண்டாமா? கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த கம்பளி ஒன்று பெட்டிக்குள் கிடந்தது. அதோடு இரண்டு போர்வைகளைச் சேர்த்து, அவள் போட்ட படத்தின்படியே ஜன்னலுக்கு மேலே ஆணி அடித்துத் தொங்கவிட்டேன். மேலே இரண்டு விரல் சந்து. அதற்கு முன்னால் என் பழைய லுங்கியால் ஒரு மடிப்பு. வீட்டுக்குள் கும்மிருட்டு. சந்து வழியாகக் காற்று நன்றாகவே வந்தது. எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்கலாம் என்று கட்டிலில் சாய்ந்தேன்.

யாரோ கதவை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கே இருக்கிறேன் என்றே புரியவில்லை. ராத்திரியா, பகலா, ஷிப்ட் போயாகிவிட்டதா, ஒன்றும் தெரியவில்லை. தட்டுத்தடுமாறித் தாழ்ப்பாளைத் திறந்தால், கண்ணைக் குத்தும் சாயங்கால வெயில். மணி நாலு. எங்கள் காம்பவுண்டில் நான்கு குடித்தனம். நான்கு வீட்டு ஆட்களும் வாசலில் நின்றார்கள். ஹவுஸ் ஓனர் அம்மா கையில் கடப்பாரை. எல்லாருக்கும் முன்னால் யூனிபார்மோடு, தோளில் பையோடு, முகமெல்லாம் கண்ணீராக என் மனைவி.

"அர மணி நேரமா தட்டறேன்யா! போன் அடிச்சா எடுக்கல! ஜன்னல்ல இன்னாத்தயோ அடச்சி வெச்சிக்கீற! நான் இன்னான்னு நெனைக்கறது?"

"தூங்கிட்டேம்மா," என்றேன்.

"தூங்கினியா? பகல்லயா? நீயா?"

பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு கண்ணாடிக் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் போகிறவர். அவர் எங்கள் இருவரையும் விட்டுவிட்டு என் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தார். "அண்ணா, இன்னாண்ணா இது, சினிமா தியேட்டர் மாரி கீது! எவ்ளோ நேரம் தூங்கின?"

"எட்டு மணி நேரம் இருக்கும்."

"எட்டா! யாருண்ணா தெச்சது? எனக்கும் ஒண்ணு வோணும்ணா."

"உங்க அண்ணி யோசனை. அவங்களையே கேளு," என்றேன். அவர்தான் எங்களுடைய முதல் ஆர்டர். ஆனால் அன்று அவள் கண் என்மேலேயே இருந்தது. கடப்பாரையோடு ஹவுஸ் ஓனர் அம்மாவும் நகர்வதாக இல்லை. எங்கள் காம்பவுண்டில் இதை விட நல்ல பொழுதுபோக்கு அந்த வாரத்தில் வேறு கிடையாது.

"நோட்டுல எழுதியிருக்கேன், பாரு," என்றேன் மெல்ல. "மூணு தடவ."

அவ்வளவுதான். ஒரு வாரமாக அடக்கிவைத்தது மொத்தமும் வந்தது. "நோட்டுல எழுதுவியா? எனக்கு ஒண்ணுன்னா நோட்டுல எழுதுவ, உனக்கு ஒண்ணுன்னா நான் நோட்டுல படிச்சி தெரிஞ்சிக்கணுமா? கதவுக்கு இந்தாண்ட நின்னுக்கினு அர மணி நேரம் நான் இன்னா எழுதறது, சொல்லு! அந்த நோட்டு கூடவா நான் குடும்பம் நடத்தறேன்? வாய் கீதுல்ல உனக்கு? மூஞ்ச பாத்து சொல்லு!"

முகத்தைப் பார்த்தேன். அழுது மூக்கெல்லாம் சிவந்திருந்தது. காதோரம் நூல் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு வெளிச்சத்தில் அவளைப் பார்த்து எத்தனை நாளாகிவிட்டது.

"நான் படிக்கல," என்றேன். "படிக்காமயே போட்டுட்டேன். தப்பு. சாரிம்மா."

நான்கு குடித்தனத்துக்கும் கேட்கும்படியே சொன்னேன். அவள் கிட்டே வந்தாள். என் தாடையைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பி, ஒரு கண், பிறகு இன்னொரு கண் என்று நிதானமாகப் பார்த்தாள்.

"செவப்பே இல்ல," என்றாள். சொல்லிவிட்டு மறுபடி அழ ஆரம்பித்தாள்.