ஓரம் தைக்காத போர்வை

நாகேஸ்வரிக்கு எரிச்சல் வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. மீன்காரன் பக்கத்து வீட்டுக்கு நடுத்துண்டைக் கொடுத்துவிட்டுத் தனக்கு வால்துண்டை நீட்டினால் வரும். தான் வேலைபார்க்கும் கொள்ளுப்பிட்டிக் கந்தோரில் யாரோ கொண்டுவந்த கத்தரிக்காய்ப் பொரியலைக் கணவர் தியாகராசா வாய்தவறிப் புகழ்ந்துவிட்டால் வரும். பிறகு ஒரு மாதத்துக்கு அந்த மனிதரின் கண்ணில் கத்தரிக்காய் படாது. வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்று மாடிக் கட்டடத்தின் நடுமாடியில், பதினெட்டு வருடமாக அவள் குடியிருந்தாள். அந்தக் கட்டடத்தில் அவளுடைய எரிச்சலுக்குத் தப்பியவள் ஒருத்திதான். எதிர்வாசல் றமீலா.

றமீலா தப்பியதற்குக் காரணம் அவளுடைய குரல்.

நாகேஸ்வரி துண்டுத் துணியில் போர்வை தைப்பவள். றமீலாவின் கணவர் ஸாலிஹ் புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருந்தார். சுருள் முடிகிற இடத்தில் மிஞ்சும் துண்டுகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து அவளுடைய வாசலில் போடுவார். அவற்றை நிறம் பார்த்துப் பிரித்து, சதுரம் சதுரமாக வெட்டி, கால்மெசினில் பொருத்தி, நடுவில் பழைய நூல்சேலையும் அடியில் வெள்ளைத் துணியும் வைத்து, மூன்றையும் சேர்த்துக் கையால் ஓட்டுத்தையல் போடுவாள். மெசின் வேலை இரண்டு நாள். கைவேலை மூன்று கிழமை. அந்த மூன்று கிழமையும் கண்ணுக்கும் கைக்கும் வேலை இருக்கும், காது மட்டும் சும்மா இருக்கும். அந்தக் காதுக்குத்தான் றமீலா.

சோற்றுக்கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, சரியாக இரண்டு மணிக்கு றமீலா வந்து கதிரையில் காலை மடித்து உட்கார்ந்து புத்தகத்தைத் திறப்பாள். மாமியார் பேசுகிற இடத்தை மூக்கால் வாசிப்பாள். காதலன் பேசுகிற இடத்தில் அவளுக்கே வெட்கம் வந்து, பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி வேகமாக ஓடுவாள். நாகேஸ்வரிக்கு வாசிக்கத் தெரியாமலில்லை. ஆனாலும் றமீலா வாசித்துக் கேட்டால்தான் அவளுக்குக் கதை. ஒரு போர்வைக்கு ஒரு புத்தகம். கடைசிப் பக்கம் முடிந்த பிறகுதான் ஓரத்துக்குப் பட்டி வைத்துத் தைப்பாள். அதற்கு முதல் தைத்தால் போர்வை சுகப்படாது என்று தானாகவே ஒரு சட்டம் வைத்திருந்தாள். யாராவது நீலப் போர்வையைப் பற்றிக் கேட்டால், "எது, அந்த டொக்டர் சாகிற கதையோ?" என்றுதான் திருப்பிக் கேட்பாள்.

அப்படி முடியாமல்போன போர்வை ஒன்று அலுமாரியில் ஏழு வருடமாகக் கிடந்தது. அதற்கு வாசித்தது ஒரு தொடர்கதை. இந்தியாவிலிருந்து வரும் வாரப்புத்தகத்தில் வந்தது. கிழமைக்குக் கிழமை பக்கங்களைக் கிழித்தெடுத்து, நாகேஸ்வரியே கோணி ஊசியால் தைத்து மட்டை போட்டு வைத்திருந்தாள். அக்காவோடு கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன தங்கை, பத்து வருடம் கழித்து, கையில் பெட்டியோடு அக்காவின் மூடிய கதவுக்கு முன்னால் வந்து நிற்கிறாள். அடுத்த இதழில் முடியும் என்று போட்டிருந்தது. அது எண்பத்தொன்பதாம் ஆண்டு. இந்தியச் சாமான் எதையும் விற்கக்கூடாது என்று கடைகளுக்கு மிரட்டல் வந்த காலம். பேப்பர்க்கடைக்காரர் பயந்து புத்தகம் எடுப்பதை நிறுத்திவிட்டார். மறுபடி எடுக்கத் தொடங்கியபோது அந்த இதழ் எங்குமே கிடைக்கவில்லை.

ஆகவே முடிவை இருவரும் தாங்களே கட்டினார்கள். தங்கை கதவைத் தட்டுவாள், இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுவார்கள், பிறகு சாப்பிடுவார்கள் என்பது றமீலாவின் முடிவு. "அவள் ஏன் தட்டவேணும்? திரும்பிப் போகட்டும். அக்காக்காரி கிடந்து வேகட்டும்" என்பது நாகேஸ்வரியின் முடிவு. வேறு புத்தகம் கிடைக்காத நாட்களில் இதையே எடுத்து வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவார்கள். ஏழு வருடத்தில் முப்பது முடிவாவது கட்டியிருப்பார்கள். ஒன்றும் ஓரம் தைக்கும் அளவுக்கு இல்லை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு, மின்வெட்டு நீண்டுகொண்டே போன மாதங்களில், மேல்மாடியில் ஓர் அறைக்குப் பத்மாவதி ரீச்சர் வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்றவர். சண்டையில் ஊரே கிளம்பி நடந்தபோது தானும் நடந்து, வன்னியில் கிடந்து, வவுனியாவில் தெற்கே வருவதற்கான பாஸுக்குக் காத்திருந்து, கடைசியில் ஒரு தோள்பையோடு கொழும்புக்கு வந்தவர். கனடாவில் இருக்கும் மகன் கூப்பிடும்வரை இங்கே இருக்கவேண்டும். வடக்கிலிருந்து வந்தவர்கள் பொலிஸில் பதியவேண்டும், அவருக்கோ சிங்களம் ஒரு சொல் தெரியாது. அவருக்கான பொலிஸ் பதிவுப் படிவத்தைச் சிங்களத்தில் நிரப்பிக் கொடுத்ததே நாகேஸ்வரிதான். பிறந்த திகதி, படிப்பித்த பாடம், செத்துப்போன புருசனின் பெயர், எல்லாம் அவள் கையெழுத்தில்தான் போனது. அப்போது ரீச்சரிடம் அவளுக்கு ஒரு எரிச்சலும் இல்லை.

அது வட்டிலப்பம் என்ற இனிப்போடு தொடங்கியது. "பாவம் அக்கா, தனிய ஈக்கிறாங்க" என்று றமீலா ஒரு கோப்பை வட்டிலப்பத்தை மேலே கொண்டுபோனாள். அடுத்த கிழமை இரண்டு மணிக்கு வரவேண்டியவள் இரண்டேகாலுக்கு வந்தாள். பிறகு இரண்டரை. தலைக்குமேலே சிரிப்புச் சத்தம் கேட்கும். ஒரு நாள் வாசலிலேயே நின்று மூச்சுவாங்கச் சொன்னாள்:

"அக்கா, டீச்சருக்கு எங்கட கதை தெரியுமாம்! அந்தக் கதவுக்கு முன்னால நிக்கிற கதை. முடிவும் தெரியுமாம். எனக்குச் சொல்லிட்டாங்க!"

ஊசி நாகேஸ்வரியின் விரலில் ஏறியது.

"எங்கடை கதையை நீர் ஏன் அங்கை கொண்டுபோனனீர்?"

"சும்மா பேச்சுவாக்குல வந்திச்சி. அக்காவுக்கும் சொல்லட்டா?"

"வேண்டாம். எனக்கு ஒருத்தற்றை முடிவும் தேவையில்லை."

றமீலா சிரித்துக்கொண்டு வேறு புத்தகத்தைத் திறந்தாள். ஆனால் நாகேஸ்வரிக்கு ஒரு வரியும் ஏறவில்லை. ஏழு வருடம் இருவருக்கும் நடுவில் இருந்த ஒரு பொருளை யாரோ ஒருத்தி நேற்று வந்து எடுத்துக்கொண்டது போலிருந்தது. வயிறு எரிந்தது. அடுத்த நாள் பாரைமீனை வாங்கி, தேங்காய்ப்பாலைக் கெட்டியாகப் பிழிந்து விட்டு, றமீலாவுக்கென்றே ஒரு குழம்பு வைத்துக் கொடுத்தாள். அந்தக் கோப்பையில் பாதி மேல்மாடிக்குப் போனது. "டீச்சர் நல்லாச் சாப்பிட்டாங்க அக்கா. புளி மட்டும் கொஞ்சம் கூடவாம்." அன்று தியாகராசா வீட்டுக்கு வந்து குழம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தது அவர் செய்த புண்ணியம்.

ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பொலிஸ்காரர்கள் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். ஆண்கள் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். இது புதிதல்ல. அடையாள அட்டையையும் பதிவுத் துண்டையும் எடுத்துக்கொண்டு பெண்கள் படியில் வரிசையாக நிற்பார்கள். சிங்களம் சரளமாகப் பேசும் நாகேஸ்வரி முன்னால் நின்று, இவர் இன்னார், இத்தனை வருடமாக இருக்கிறார் என்று எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லுவாள். அதில் அவளுக்கு ஒரு பெருமையும் உண்டு.

பத்மாவதி ரீச்சரின் பதிவுத் துண்டு இன்னும் திரும்பி வரவில்லை. வவுனியாப் பாஸின் திகதியும் முடிந்திருந்தது. அதிகாரி இளவயதுக்காரர், கோபக்காரராகவும் தெரியவில்லை. பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நாகேஸ்வரியிடம் கேட்டார்.

"மே நோனாவ தன்னவாத?"

இந்த அம்மாவைத் தெரியுமா? அவ்வளவுதான் கேள்வி. ஓம் என்று ஒரு சொல் போதும். நாகேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். ரீச்சர் படியில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய முழங்கையை றமீலா பிடித்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருடத்தில் எத்தனையோ தடவை இதே படியில் நின்றிருக்கிறாள், றமீலா ஒரு நாளும் தன் கையைப் பிடித்ததில்லை என்ற நினைப்பு அந்த நேரம் பார்த்துத்தான் வரவேண்டுமா?

"தன்னே நே, சேர்" என்றாள். தெரியாது.

சொல்லிமுடித்ததும் அதைத் திரும்ப விழுங்கப் பார்த்தாள். அதற்குள் அதிகாரி கீழே நின்ற ஜீப்பைக் கையால் காட்டிவிட்டார். ரீச்சர் தோள்பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். நாகேஸ்வரியைக் கடக்கும்போது ஒரு நிமிடம் நின்றார்.

"எனக்காகக் கதைச்சதுக்குப் பெரிய உபகாரம், தங்கச்சி."

றமீலாவுக்குச் சிங்களம் தெரியும். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, செருப்பைக் கொழுவிக்கொண்டு, ரீச்சருக்குப் பின்னாலேயே இறங்கினாள். ஸாலிஹ் கடையைப் பூட்டிவிட்டு ஓடிவந்து, படிவத்தின் நகலைத் தேடிப்பிடித்துப் பொலிஸுக்குக் கொண்டுபோய்க் காட்டி, நான்கு மணியளவில் ரீச்சரையும் றமீலாவையும் கூட்டிவந்தார். படிவத்தில் நாகேஸ்வரியின் கையெழுத்தைப் பார்த்துத்தான் விட்டார்களாம். தியாகராசா இதைக் கேள்விப்பட்டுவந்து, "பாத்தீரே, உம்மடை எழுத்துக்கு எவ்வளவு மதிப்பு" என்று மகிழ்ந்துபோனார். அவள் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள்.

அடுத்த நாள் இரண்டு மணிக்கு றமீலா வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. நாகேஸ்வரி கதவுக்குப் பின்னால் நின்று கேட்பாள். எதிர்வாசல் திறக்கும், செருப்புச் சத்தம் வெளியே வரும், அவளுடைய வாசலில் ஒரு கணம் தாமதிக்கிற மாதிரி இருக்கும், பிறகு படியேறி மேலே போகும். கதவைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். என்ன சொல்வது? மெசினில் உட்கார்ந்தால் நூல் அறுந்தது. தானே ஒரு புத்தகத்தை எடுத்து வாசித்துப் பார்த்தாள். அதில் மாமியாரும் காதலனும் ஒரே குரலில் பேசினார்கள்.

பதினோராம் நாள் கதவு தட்டப்பட்டது. ஓடிப்போய்த் திறந்தாள். நின்றவர் பத்மாவதி ரீச்சர். கையில் மூடிய கோப்பை.

"குரக்கன் மாப் புட்டு. உங்கடை குழம்புக்கு முன்னாலை இது ஒண்டுமில்லை. ஆனா வெறுங்கையோடை வர மனமில்லை. உங்களாலைதானே என்னை விட்டவங்கள்."

றமீலா இவரிடம் சொல்லவில்லை. பதினொரு நாளாகத் தினமும் மேலே போயிருக்கிறாள், ஆனால் சொல்லவில்லை. நாகேஸ்வரி கோப்பையை வாங்கி மேசையில் வைத்தாள். ரீச்சர் தானாகவே கதிரையில், றமீலாவின் கதிரையில், உட்கார்ந்தார்.

"உங்களுக்கு அந்தக் கதையின்ரை முடிவைச் சொல்லுவம் எண்டுதான் வந்தனான். ஆனா எனக்காகச் சாட்சி சொன்ன ஆளுக்குப் பொய் சொல்ல ஏலாது. எனக்கு முடிவு தெரியாது, தங்கச்சி."

"அப்ப றமீலாவுக்குச் சொன்னது?"

"நான் கட்டினது. அந்தக் கடைசிப் புத்தகத்தை நான் வாசிக்க முந்தியே ஒராள் இரவல் வாங்கினவ. பிறகு அவ வெளிநாடு போட்டா. முடிவும் அவவோடை போட்டுது." ரீச்சர் சிரித்தார். "அந்தப் பிள்ளை வட்டிலப்பத்தை வைச்சிட்டு எழும்பப் பாத்தது. எழும்பிப் போனால் அந்த அறையிலை பிறகு ஆரோடை கதைக்கிறது? முடிவு தெரியும் எண்டு சொன்னன். இருந்திட்டுது."

நாகேஸ்வரியின் மனம் உடனே துள்ளியது. மறைப்பானேன். பொய்க்காரி! இப்போதே எதிர்வாசலுக்குப் போய், "உம்மடை ரீச்சரின்ரை வண்டவாளம் தெரியுமே?" என்று கேட்கலாம். றமீலாவின் முகம் போகிற போக்கைப் பார்க்கலாம். அந்தச் சந்தோசம் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கும் நேரம் இருந்தது. பிறகு புட்டுக் கோப்பையைப் பார்த்தாள்.

"ரீச்சர், நான் சாட்சி சொல்லேல்லை. உங்களைத் தெரியுமோ எண்டு கேட்டவன். தெரியாது எண்டு சொன்னனான்."

ரீச்சருக்கு விளங்க நேரமெடுத்தது. "ஏன் தங்கச்சி? பயத்திலையோ?"

பயம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அந்தக் காலத்தில் பயத்தை யாரும் குறைசொல்ல மாட்டார்கள்.

"இல்லை. எரிச்சல். உங்களிலை எரிச்சல்."

"என்னிலையோ?" ரீச்சர் தன் கைகளைப் பார்த்தார். கிழிசல் தைத்துப் போட்டிருந்த சட்டையைப் பார்த்தார். "என்னட்டை என்ன கிடக்கு எண்டு, பிள்ளை?"

"றமீலா" என்று சொல்வதற்குள் நாகேஸ்வரிக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கோபிக்கவில்லை, தேற்றவும் இல்லை. எழும்பிப் போனார். கோப்பையை விட்டுவிட்டுப் போனார்.

அடுத்த நாள் இரண்டு மணிக்கு எதிர்வாசல் திறந்தது. செருப்புச் சத்தம் வந்து வாசலில் நின்றது. நாகேஸ்வரி கதவைத் திறந்துவிட்டாள்.

"டீச்சர்தான் போகச் சொன்னாங்க" என்றாள் றமீலா, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

அதற்கும் நாகேஸ்வரிக்குச் சுருக்கென்றது. இவள் தானாக வரவில்லையாமா? ஆனாலும் கதிரையை இழுத்துப் போட்டாள். அலுமாரியைத் திறந்து, ஏழு வருடமாக மடித்துக் கிடந்த போர்வையை எடுத்து மடியில் விரித்தாள்.

"ரீச்சர் சொன்ன முடிவைச் சொல்லும்."

றமீலா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு காலை மடித்து உட்கார்ந்தாள்.

"தங்கச்சி தட்டவும் இல்லையாம், திரும்பிப் போகவும் இல்லையாம். பெட்டிய வச்சி அதுக்கு மேலயே ஒக்காந்துட்டாளாம். இருட்டுற நேரம் கதவு தானாத் தொறந்திச்சாம். பாத்தா, அக்காக்காரி இவ்வளவு நேரமும் கதவுக்குப் பின்னாலதான் நின்டிருக்கிறா. தட்டுவா, தட்டுவா என்டு."

நாகேஸ்வரி குனிந்து ஊசியில் நூலைக் கோக்கப் பார்த்தாள். மூன்று தடவை தவறியது. றமீலா ஊசியை வாங்கிக் கோத்துக் கொடுத்தாள்.

"நல்லாருக்கா அக்கா?"

இருவரும் கட்டிய முப்பது முடிவையும் தூக்கிச் சாப்பிடக்கூடியதாக இருந்தது. ஏழு வருடத்தில் ஒரு நாளாவது இது தனக்குத் தோன்றாமல் போனதே என்று நாகேஸ்வரிக்கு வயிறு எரிந்தது.

"அதுதான் சரியான முடிவு" என்று சொல்லிவிட்டு, ஓரத்துக்குப் பட்டியை வைத்துத் தைக்கத் தொடங்கினாள்.